பெயர் ஓரிடத்தில், உயிர் வேறிடத்தில்

1994இல் வெளிவந்த ‘சிஸ்டம் ஷாக்’ வீடியோ கேமில், ஆட்டக்காரர் முதலில் திறக்க வேண்டிய பூட்டுக் கதவின் எண் 451. ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலுக்குச் செய்த மரியாதை அது. 2000இல் வந்த ‘டியூஸ் எக்ஸ்’ ஆட்டத்தின் தொடக்கக் கட்டத்தில் 0451 என்ற எண் வருகிறது. 2007இல் ‘பயோஷாக்’, 2012இல் ‘டிஸ்ஹானர்ட்’, 2017இல் ‘ப்ரே’ என்று அடுத்தடுத்து வந்தவற்றிலும் ஏதோ ஒரு கதவோ பெட்டகமோ இதே எண்ணுக்குத்தான் திறக்கிறது. இந்த ஐந்து ஆட்டங்களுக்கும் பொதுவான கதை கிடையாது, பொதுவான பாத்திரங்கள் கிடையாது. உருவாக்கிய ஸ்டுடியோக்கள் நான்கு. ஆனாலும் இவை ஒரே குடும்பம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். உருவாக்கியவர்களும் அந்த எண்ணைப் பதித்து உறவை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பெயரை வாங்காமல், விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடராமல், முந்தைய படைப்பின் உள்ளுயிரை மட்டும் எடுத்துக்கொண்டு வரும் இத்தகைய படைப்பை கேம் உலகம் ‘ஸ்பிரிச்சுவல் சக்சஸர்’ என்கிறது. ஆன்ம வாரிசு எனலாம். இரண்டாம் பாகத்துக்குப் பெயருரிமை வேண்டும். மறுஆக்கத்துக்கு மூலத்தின் அனுமதி வேண்டும். ஆன்ம வாரிசுக்கு இரண்டும் தேவையில்லை. அதனாலேயே ஒரு கேள்வி எழுகிறது: யார் வேண்டுமானாலும் இந்த உறவைக் கோரலாம் என்றால், உண்மையான வாரிசை எதைக்கொண்டு அடையாளம் காண்பது? கடந்த சில பத்தாண்டுகளில் வந்த ஆட்டங்களையும் சில கதைகளையும் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது என்பது என் கருத்து.

முதலில், இந்த வகை ஏன் வீடியோ கேம்களில் இவ்வளவு செழித்தது? ஒரு காரணம் ஒப்பந்தம். நாவலாசிரியர் பெரும்பாலும் தன் பாத்திரங்களைத் தன்னிடமே வைத்திருப்பார். ஆட்டத்தை உருவாக்கும் ஸ்டுடியோவோ பணம் போடும் வெளியீட்டு நிறுவனத்திடம் பெயரை ஒப்படைத்துவிடுகிறது. ஸ்டுடியோ மூடப்படும், ஆட்கள் கலைவார்கள், பெயர் மட்டும் எங்கோ ஒரு கோப்பில் உறங்கும். இன்னொரு காரணம் சட்டம். ஓர் ஆட்டத்தின் படங்களுக்கும் இசைக்கும் நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. விதிகளுக்கும் ஆடும் முறைக்கும் கிடையாது. தன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ஐ ‘ஃபைட்டர்ஸ் ஹிஸ்டரி’ நகலெடுத்துவிட்டது என்று கேப்காம் நிறுவனம் டேட்டா ஈஸ்ட் மீது அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், 1994இல் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. 2012இல் டெட்ரிஸ் உரிமையாளர்கள் எக்சியோ என்ற சிறு நிறுவனத்துக்கு எதிராக வென்றார்கள். அந்த வெற்றியும் கட்டைகளின் தோற்றத்தையும் பலகையின் அளவையும் அப்படியே எடுத்ததற்காகக் கிடைத்ததுதான். கட்டைகளை அடுக்கி வரிசையை அழிக்கும் விதி அப்போதும் எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தது. இந்தியாவில் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னதும் இதே அடிப்படைதான். ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தின் கருவை ‘நியூ டெல்லி’ திரைப்படம் எடுத்துக்கொண்டது என்பது புகார். கருவுக்கும் பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்பது தீர்ப்பு. ஆன்ம வாரிசுகள் வாழும் இடம் இந்த இடைவெளிதான். அந்த இடைவெளி இருப்பது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். விதிகளையும் பூட்டிவைத்திருந்தால் மேலே சொன்ன குடும்பம் பிறந்தே இருக்காது.

அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்விக்கு அதைவிட வளமான சான்று வேறில்லை.

‘சிஸ்டம் ஷாக்’கை உருவாக்கியது அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோ. அதற்கு முன் 1992இல் ‘அல்டிமா அண்டர்வேர்ல்ட்’ செய்தவர்கள் அவர்கள். ஆட்டக்காரருக்கு ஒரே வழியைக் காட்டாமல், ஒழுங்கான விதிகளால் இயங்கும் ஓர் உலகத்தைக் கொடுத்து, வழியை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவது அவர்கள் கனவு. அதில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அன்றைய கணினியில் மனிதர்களோடு பேசும் காட்சிகள் செயற்கையாக இருந்தன. பட்டியலிலிருந்து வசனம் பொறுக்கும்போது உலகத்தின் மயக்கம் கலைந்துவிடும். ‘சிஸ்டம் ஷாக்’கில் அதற்குத் துணிச்சலான ஒரு தீர்வு கண்டார்கள். விண்வெளி நிலையத்தில் பேசுவதற்கு மனிதர்களே இல்லை, எல்லாரும் இறந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளைப் பொறுக்கிக் கேட்டுத்தான் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதை நகரும், ஆனால் கட்டுப்பாடு ஒரு நொடிகூட ஆட்டக்காரர் கையைவிட்டுப் போகாது.

1999இல் இர்ரேஷனல் கேம்ஸும் லுக்கிங் கிளாஸும் சேர்ந்து இரண்டாம் பாகம் செய்தன. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை கைகொடுக்கவில்லை. 2000 மே மாதம் லுக்கிங் கிளாஸ் மூடப்பட்டது. ‘சிஸ்டம் ஷாக்’ என்ற பெயர் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கையில், பதிப்புரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கையில் என்று சொத்து பிளந்துபோனது. மூன்றாம் பாகத்தில் யாராலும் கை வைக்க முடியாத நிலை.

இரண்டாம் பாகத்தின் வடிவமைப்பாளர் கென் லெவின் செய்தது ‘பயோஷாக்’. விண்வெளிக்குப் பதில் கடலடி நகரம். எதிரியாக வந்த கெட்டுப்போன கணினிக்குப் பதில், தனிமனித சுயநலத்தையே அறமாகக் கொண்ட ஆண்ட்ரூ ரயன் என்ற கோடீஸ்வரர். ஒலிப்பதிவுகள் அப்படியே வந்தன. உடம்பை மாற்றிக்கொள்ளும் அபூர்வ சக்திகளும் வேறு பெயரில் வந்தன. ஆனால் இதை வாரிசாக்கியது இந்த ஒற்றுமைகள் அல்ல. கட்டுப்பாட்டை ஆட்டக்காரர் கையிலேயே வைத்திருப்பது எப்படி என்று முன்னோர் கேட்டார்கள். லெவின் அதே கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார்: கட்டுப்பாடு உன் கையில்தான் இருந்ததா? காதில் ஒலித்த குரல் ‘தயவுசெய்து இதைச் செய்’ என்றபோதெல்லாம் யோசிக்காமல் செய்தாயே, அது யாருடைய விருப்பம்? ஆட்டத்தின் நடுவில் இது வெளிப்படும் காட்சி, ஒரு பரம்பரை தன்னைத்தானே விசாரித்துக்கொண்ட தருணம்.

இன்னொரு கிளை பிரான்சில் முளைத்தது. லியோன் நகரில் 1999இல் ஆர்க்கேன் ஸ்டுடியோவைத் தொடங்கிய ரஃபேல் கொலான்டோனியோவுக்கு ‘அல்டிமா அண்டர்வேர்ல்ட்’டின் அடுத்த பாகம் செய்ய ஆசை, உரிமம் அமையவில்லை. ஆகவே 2002இல் ‘ஆர்க்ஸ் ஃபடாலிஸ்’ என்று சொந்தமாக ஓர் ஆட்டம் செய்தார். அந்த வழியில்தான் ‘டிஸ்ஹானர்ட்’டும் கடைசியில் ‘ப்ரே’யும் வந்தன. ‘ப்ரே’யின் கதை விசித்திரமானது. 2006இல் அதே பெயரில், வேற்றுக்கிரகவாசிகளிடம் சிக்கிய செரோக்கீ இளைஞனைப் பற்றி ஓர் ஆட்டம் வந்திருந்தது. அந்தப் பெயர் பெதெஸ்டா நிறுவனத்திடம் இருந்ததால், ஆர்க்கேனின் புதிய ஆட்டத்துக்கு அது சூட்டப்பட்டது. இரண்டுக்கும் கதையில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பாழடைந்த விண்வெளி நிலையம், இறந்தவர்களின் குரல்கள், ஒரு கதவைத் திறக்கப் பத்து வழிகள் என்று பார்த்தால் 2017இன் ‘ப்ரே’ முழுக்க முழுக்க ‘சிஸ்டம் ஷாக்’கின் பிள்ளை. கதைக்குள் வரும் ஒரு காட்சித்திரைத் தொழில்நுட்பத்துக்கு ‘லுக்கிங் கிளாஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தனக்கு உறவில்லாத ஒரு பெயரைச் சுமந்துகொண்டு, தன் உண்மையான மூதாதையின் பெயரைச் சுவருக்குள் எழுதிவைத்த ஆட்டம் அது.

மூலத்தைச் செய்தவரே திரும்பி வந்தால்? லுக்கிங் கிளாஸின் நிறுவனர்களில் ஒருவரான பால் நியூரத், ரசிகர்களிடம் பணம் திரட்டி 2018இல் ‘அண்டர்வேர்ல்ட் அசெண்டன்ட்’டை வெளியிட்டார். உறவு சொல்வதில் அவரைவிட உரிமை உடையவர் யாருமில்லை. ஆட்டம் பிழைகளோடு, முடிவுறாத நிலையில் வந்து கடும் ஏமாற்றத்தைத் தந்தது. ஆக, அசல் கையே எழுதினாலும் வாரிசு பிறந்துவிடும் என்ற உறுதி இல்லை. ‘அண்டர்வேர்ல்ட்’டின் சொத்து, அதை ஆடி வளர்ந்த பிரெஞ்சு ரசிகரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

உரிமைச் சிக்கலால் பிறந்த இன்னொரு புகழ்பெற்ற வரிசை ‘ஃபால்அவுட்’. இன்டர்பிளே ஸ்டுடியோ 1988இல் அணுப்போருக்குப் பிந்தைய பாலைவனத்தில் நடக்கும் ‘வேஸ்ட்லேண்ட்’டைச் செய்தது, பெயர் வெளியீட்டாளரான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் தங்கிவிட்டது. பெயர் இல்லாமல் 1997இல் வந்தது ‘ஃபால்அவுட்’. தடை இங்கே பெரிய நன்மை செய்தது. பழைய உலகத்தைத் தொடர முடியாததால் புதிதாக ஒன்றை யோசிக்க வேண்டியிருந்தது. 1950களின் அமெரிக்கா எதிர்காலத்தைப் பற்றிக் கண்ட கனவு, அந்தக் கனவின் மேலேயே விழுந்த குண்டு என்ற அந்த அழியாத படிமம் அப்படித்தான் கிடைத்தது. பிறகு ‘ஃபால்அவுட்’டும் கைமாறியது. 2007இல் பெதெஸ்டா அதை 57.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. இன்டர்பிளேயை நிறுவிய பிரையன் ஃபார்கோ வேறு ஸ்டுடியோ தொடங்கி ‘வேஸ்ட்லேண்ட்’ பெயரை மீட்டு, ரசிகர்கள் தந்த 29 லட்சம் டாலரில் 2014இல் இரண்டாம் பாகம் கொண்டுவந்தார். ‘ஃபால்அவுட்’டின் மூலவர்களான டிம் கெய்னும் லியோனார்ட் போயார்ஸ்கியும் 2019இல் அப்சிடியன் ஸ்டுடியோவில் ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்’ செய்தார்கள். இன்று பெதெஸ்டா, ஃபார்கோவின் இன்எக்சைல், அப்சிடியன் மூன்றுமே மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தம். பாகப்பிரிவினையால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள். பிரிந்திருந்தபோது கிடைத்த வேறுபாடுகள் இனி கிடைக்குமா என்ற கவலை எனக்கு உண்டு.

பெயரும் பொருளும் பிரிவதன் உச்சம் பண்ணை ஆட்டமான ‘ஹார்வெஸ்ட் மூன்’. யாசுஹிரோ வாடா 1996இல் ஜப்பானில் தொடங்கிய தொடர் அது. ஆங்கிலப் பெயர் அமெரிக்காவில் அதை வெளியிட்ட நட்சுமே நிறுவனத்துக்குச் சொந்தம். 2014இல் கூட்டு முறிந்தபோது, அசல் ஜப்பானியத் தொடர் ‘ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ்’ என்று பெயர் மாற வேண்டியதாயிற்று. நட்சுமே வேறு ஆட்டங்களைச் செய்து ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற பெயரில் விற்றது. இந்த இரண்டு தரப்பையும் தாண்டி, எரிக் பாரோன் என்ற இளைஞர் சியாட்டிலில் தனி ஆளாக உட்கார்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்ட்யூ வேலி’ 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றுவிட்டது. நிரல், ஓவியம், இசை, கதை எல்லாம் அவரே. பழைய ஆட்டங்களை அவர் ஆழமாக நேசித்தார். அவை பின்னாளில் மெலிந்துவிட்டன என்ற குறையும் அவருக்கு இருந்தது. அந்தக் குறைதான் ஆட்டத்தின் அடித்தளம். ஊர்க்காரர்களுக்குக் குடிப்பழக்கமும் போர்க்காயமும் தனிமையும் இருக்கின்றன. ஆணோ பெண்ணோ விரும்பியவரை மணக்கலாம். நிறுவனத்தின் பெருங்கடை வந்தால் ஊரின் பொது மன்றம் என்ன ஆகும் என்பதை ஆட்டக்காரரே தீர்மானிக்கலாம். நேசமும் குறையும் சேர்ந்து இருந்ததால்தான் இது நகலாகவில்லை.

‘சிம்சிட்டி’யின் கதையையும் இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். 2013இல் வந்த அதன் புதிய பதிப்பு எப்போதும் இணைய இணைப்பைக் கேட்டது. வெளியான நாட்களில் சர்வர்கள் திணறின. நகரம் கட்டக் கிடைத்த நிலமோ கைக்குட்டை அளவு. ஃபின்லாந்தின் கொலோசல் ஆர்டர் என்ற மிகச் சிறிய குழு 2015 மார்ச்சில் ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ மூலம் விரிந்த நிலத்தைத் தந்தது. ‘சிம்சிட்டி’யைச் செய்த மேக்சிஸின் எமரிவில் ஸ்டுடியோ மூடப்பட்டதும் அதே மாதத்தில்தான். பின்னர் 2023இல் ‘ஸ்கைலைன்ஸ்’ இரண்டாம் பாகமே செயல்திறன் கோளாறுகளோடு வந்து திட்டு வாங்கியது. வாரிசுக்கும் மூதாதையின் நோய் வரும்.

2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற திரள்நிதித் தளம் இந்த வகையைப் பெரிய சந்தையாக்கியது. டபுள் ஃபைன் ஸ்டுடியோ பழைய பாணி சாகச ஆட்டம் ஒன்றுக்கு 33 லட்சம் டாலர் திரட்டியதும் வரிசையாக மூத்த வடிவமைப்பாளர்கள் வந்தார்கள். மனதில் நிற்பவை இரண்டு. கேப்காமின் ‘மெகா மேன்’ தொடரின் முகமாக இருந்த கெய்ஜி இனாஃபுனே ‘மைட்டி நம்பர் 9’க்கு 2013இல் 38 லட்சம் டாலர் திரட்டினார். நீலநிற ரோபோ சிறுவன், எட்டு எதிரிகள் என்று எல்லாம் பழகிய அடையாளம். பல முறை தள்ளிப்போய் 2016இல் வந்தபோது உயிரற்றுக் கிடந்தது. ‘காசல்வேனியா’வின் கோஜி இகராஷி கோனாமியை விட்டு விலகி 2015இல் 55 லட்சம் டாலர் திரட்டிச் செய்த ‘பிளட்ஸ்டெயின்ட்’ 2019இல் வந்து மனம் நிறைத்தது. இரண்டிலும் மூலவரே இருந்தார், இரண்டிலும் ஏக்கம் மூலதனம். இகராஷி இடையில் காட்சியமைப்பு மந்தமாக இருக்கிறது என்ற விமர்சனத்தைக் கேட்டு மாற்றி எழுதினார். அதைவிட முக்கியம், கோட்டையைச் சுற்றிச் சுற்றித் திறக்கும் அந்த வடிவத்தின் நுட்பம் அவர் விரல்நுனியில் இருந்தது. இனாஃபுனேயின் ஆட்டம் முகத்தை விற்றது. அதே காலத்தில் ‘மெகா மேன்’ செய்யாத ஓர் இளைய குழு 3 லட்சம் டாலர் அளவு நிதியில் செய்த ‘ஷவல் நைட்’ அந்த மரபை உண்மையில் முன்னெடுத்தது. வழியில் உயிர்காக்கும் நிறுத்தங்களை நாமே உடைத்துப் பொன் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் செத்தபின் வெகுதூரம் பின்னால் போக வேண்டும். பழைய ஆட்டங்களின் கொடுமையை ஆட்டக்காரரின் தெரிவாக மாற்றிய யோசனை அது.

வீடியோ கேமுக்கு வெளியே இந்த வழக்கம் மிகப் பழையது. ஜார்ஜ் லூகாஸ் ‘ஃபிளாஷ் கார்டன்’ எடுக்க விரும்பினார். உரிமை கிடைக்காததால் 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ பிறந்தது. ஆலன் மூர், டிசி நிறுவனம் 1983இல் வாங்கிய சார்ல்டன் காமிக்ஸ் வீரர்களை வைத்து ஒரு கதை சொல்ல நினைத்தார். அந்தப் பாத்திரங்கள் பிறகு பயன்படாமல் போய்விடும் என்பதால் ஆசிரியர் டிக் ஜியோர்டானோ புதியவர்களை உருவாக்கச் சொன்னார். ‘தி கொஸ்டின்’ ரோர்ஷாக் ஆனார், கேப்டன் ஆட்டம் டாக்டர் மன்ஹாட்டன் ஆனார். 1986-87இன் ‘வாட்ச்மென்’ அது. பெயர் மாறியதால்தான் அந்த வீரர்களைச் சாகடிக்கவும் அவமானப்படுத்தவும் மூருக்கு விடுதலை கிடைத்தது. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும் என்பது அவரது ஒப்பந்தம். அது அச்சில் இல்லாமல் போகவே இல்லை. 2012இல் ‘பிஃபோர் வாட்ச்மென்’, 2017இல் ‘டூம்ஸ்டே கிளாக்’ என்று அவர் இல்லாமலே பெயர் தொடர்ந்தது.

ஷெர்லாக் ஹோம்ஸுக்கு இரு வாரிசுகளை எதிரெதிரே நிறுத்தலாம். மாணவராக இருந்த ஆகஸ்ட் டெர்லெத், இனி ஹோம்ஸ் கதை எழுதுவீர்களா என்று கானன் டாயிலுக்கு எழுதிக் கேட்டார். இல்லை என்று பதில் வந்ததும் சோலார் பான்ஸ் என்ற துப்பறிவாளரை உருவாக்கினார். பேக்கர் தெருவுக்குப் பதில் பிரேட் தெரு, வாட்சனுக்குப் பதில் டாக்டர் பார்க்கர். டாயிலின் ஹோம்ஸ் கதைகளைவிட எண்ணிக்கையில் அதிகமாகவே எழுதினார். ஆர்வலர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் பான்ஸ் தன் காலில் நிற்கவில்லை. 2004இல் தொடங்கிய ‘ஹவுஸ்’ தொலைக்காட்சித் தொடரில் துப்பறிவாளர் ஒரு மருத்துவர், குற்றவாளி நோய். நண்பர் பெயர் வில்சன், வீட்டு எண் 221பி. எடின்பரோவில் தனக்குக் கற்பித்த மருத்துவர் ஜோசஃப் பெல்லைப் பார்த்துத்தான் டாயில் ஹோம்ஸைப் படைத்தார். ‘ஹவுஸ்’ அந்த ஊற்றுக்கே போய்விட்டது. கூர்ந்து பார்க்கும் அறிவு மனித உறவுகளுக்கு என்ன செய்துவிடும் என்று டாயில் தொட்டுவிட்டு நகர்ந்த கேள்வியை எட்டுப் பருவங்கள் விடாமல் பிடித்திருந்தது.

மூலத்தின் தோலை எடுத்தவர்கள், மூலம் முடிக்காமல் விட்ட வேலையை எடுத்தவர்கள் என்று வாரிசுகள் இரண்டாகப் பிரிவது இவை எல்லாவற்றிலும் தெரிகிறது. பெயர் வைத்திருப்பதும் மூலத்தைச் செய்த கையாக இருப்பதும் இந்தப் பிரிவைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் இந்த அளவுகோலுக்கு அடங்காத ஒன்றும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். யோஷிடாகா முராயாமா 1995இல் ‘சுய்கோடென்’ தொடரைத் தொடங்கினார். 108 வீரர்களைத் திரட்டும் கதை. அதன் வாரிசாக அவர் உருவாக்கிய ‘ஐயுடென் கிரானிக்கிள்’ நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களோடு, பழைய சண்டை முறையோடு, அந்தக் காலத்து வேகத்தில் நகர்கிறது. புதிய கேள்வி எதையும் அது கேட்கவில்லை. இருபது ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள் கேட்டதும் அதைத்தான். ஆட்டம் வெளியாக இரண்டரை மாதங்களே இருந்தபோது, 2024 பிப்ரவரியில் முராயாமா இறந்துவிட்டார். அவர் தன் ரசிகர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய படைப்பு அது. குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

சிக்கல், வாரிசு என்ற சொல் விளம்பரமாகும்போது வருகிறது. 1999இன் ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’டுக்கு அறிவிக்கப்பட்ட வாரிசு 41 லட்சம் டாலர் திரட்டி 2017இல் வந்தது, பெயரிலேயே ‘டார்மென்ட்’ இருந்தது. ஆனால் சண்டையைவிடப் பேச்சே ஆட்டமாக முடியும் என்ற அந்த மூலத்தின் துணிவை முழுமையாக்கியது 2019இல் எஸ்டோனியர்கள் செய்த ‘டிஸ்கோ எலிசியம்’. வழக்கமான சண்டைமுறையே அதில் இல்லை. நாயகனின் 24 திறன்கள் அவன் தலைக்குள் குரல்களாக வாதாடுகின்றன. அதன் மூலவர் ராபர்ட் குர்விட்ஸ் ஆட்டத்துக்கு முன்பே அந்த உலகில் ஒரு நாவல் எழுதியவர். 2022இல் அவரும் சகாக்களும் ஸ்டுடியோவை விட்டுப் பிரிந்தது தெரியவந்தது. பெயரும் உலகமும் நிறுவனத்திடமே இருந்தன. 2024 அக்டோபரில் அந்த ஆட்டத்தோடு தொடர்புடையவர்களைக் கொண்ட மூன்று புதிய ஸ்டுடியோக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தங்களை அறிவித்துக்கொண்டன. தலைக்குள் பேசும் குரல்களை எவரும் செய்துவிடலாம். தோற்றுப்போன ஒரு புரட்சிக்குப் பின் ஒரு நகரத்தில் மனிதர்கள் எதை நம்பி வாழ்கிறார்கள் என்று அந்த ஆட்டம் கேட்டது. அந்த ஸ்டுடியோக்களின் படைப்புகளைப் பார்க்கும்போது நான் முதலில் தேடப்போவது அந்தக் கேள்வியைத்தான்.